சட்டம் கழுவிய தண்ணீர்

எங்கள் சாச்சா எந்தத் தொழிலையும் முழுதாகப் படித்தவரல்லர். தையல் அரைவாசி தெரியும், மணிக்கூடு திருத்துவது கால்வாசி தெரியும். கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நின்ற காலத்தில், பக்கத்துச் சந்தில் ஒருவர் பைகளுக்கும் கொடிகளுக்கும் அச்சடிப்பதைத் தேநீர் குடிக்கும் சாட்டில் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அப்படி எட்டிப் பார்த்துப் படித்ததுதான் அவருடைய ஸ்கிரீன் பிரிண்டிங். முதலாளி கடையை மூடியதும் ஊருக்கு வந்து சேர்ந்தார். வரும்போது ஒரு சுருள் நைலோன் துணி, ரப்பர் பதித்த ஒரு பலகை, கறுப்புத் தாளில் சுற்றிய ஒரு போத்தல் ஆகியவற்றைக் கொண்டுவந்தார். சாச்சிக்கு ஒரு சீத்தைத் துணிகூட இல்லை.

"வயித்துப் புள்ளக்காரி வாசலப் பாத்துட்டு இரிக்கா. இவர் போத்தலத் தூக்கிட்டு வந்து நிக்கார்" என்று உம்மா குசினிக்குள் நின்று ஏசியது சாச்சாவுக்கும் கேட்டது. கேட்கவேண்டும் என்றுதான் ஏசினாள்.

சாச்சி உம்மாவின் தங்கை, சாச்சா அவள் புருஷன். எங்கள் பின்வளவில் அவளுக்கென்று எழும்பிக்கொண்டிருந்த வீடு சுவரோடு நின்றுபோயிருந்தது. கூரை ஏறும்வரை அவளும் சாச்சாவும் எங்களோடுதான். வாப்பா இறக்காமத்துப் பக்கம் வயல்வாடியில் யானைக்குக் காவல் கிடப்பார், எப்போதாவது வந்து தலைகாட்டிவிட்டுப் போவார். ஆகையால் வீட்டில் ஆண் என்று இருந்தது சாச்சா ஒருவர்தான். அவர் சொன்னதே சட்டம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் உம்மா இருக்கும் வீட்டில் அது நடக்கிற காரியமா?

சாச்சி அதற்கு முன் இரண்டு தடவை வயிற்றுப் பிள்ளையை இழந்திருந்தாள். மூன்றாவது இது. ஊரில் யாரும் அவள் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லமாட்டார்கள். ஆனால் கல்யாண வீடுகளில், தொட்டில் கட்டும் வீடுகளில், அவளை மெல்ல ஓரத்துக்கு நகர்த்தி உட்காரவைப்பார்கள். அவளும் அது தெரியாததுபோலச் சிரித்துக்கொண்டே நகர்ந்துகொள்வாள். இந்தப் பிள்ளை தங்கவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அந்த வருஷம் வேறு நினைப்பே இருக்கவில்லை.

சாச்சா கணக்குப் போட்டிருந்தது வீட்டைக் காக்கும் குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்ஸியில். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் வாசல் நிலைக்கு மேலே அந்த ஆயத்து தொங்கும். கடையில் வாங்கும் தாள் படங்கள் கடற்காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் ஊறிப் பூஞ்சணம் பிடித்துவிடும். கறுப்புத் துணியில் பொன்னிற மையால் அச்சடித்துக் கொடுத்தால் பேரப்பிள்ளை காலம்வரை கிடக்கும் என்பது அவருடைய வாதம்.

"இருந்து பாருங்க ராத்தா. மருதமுனையில இருந்து சாய்ந்தமருது மட்டும் நம்மட ஆயத்து கொழுவாத வாசல் ஒண்டும் இரிக்காது" என்றார் உம்மாவிடம்.

"முதல்ல ஒண்ட அடிச்சிக் காட்டுங்க" என்றாள் உம்மா.

அந்த ஒன்றுதான் வரவில்லை.

வேலை இதுதான். மரச்சட்டத்தில் நைலோன் துணியை இழுத்து ஆணியடிக்கவேண்டும். போத்தலில் இருந்த செம்மஞ்சள் கட்டியைக் கரைத்து வெள்ளைப் பசையில் கலந்து, துணி முழுக்கப் பூசி, இருட்டில் காயவைக்கவேண்டும். காய்ந்ததும், எண்ணெய்த்தாளில் கறுப்பு மையால் எழுதிய ஆயத்தை அதன்மேல் விரித்து, கண்ணாடியால் அமுக்கி, வெயிலில் வைக்கவேண்டும். வெயில் பட்ட இடத்தில் பசை இறுகிவிடும். கறுப்பு எழுத்தின் நிழலில் கிடந்த இடம் மட்டும் இறுகாமல் இருக்கும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் எழுத்துகள் மட்டும் கரைந்து வழிந்துபோகும். கரைந்த அந்த இடைவெளிகளின் வழியாகத்தான் பிறகு மை துணியில் இறங்கும்.

சொல்லும்போது எவ்வளவு சுலபம். நெல்மூட்டை அடுக்கிய அறையை இருட்டறையாக்கினார். ஓட்டு இடுக்குகளால் வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்கி, வெயிலில் வைப்பதற்கு முன்பே பசை இறுகிப்போனது. எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் ஓர் எழுத்தும் கரையவில்லை. சாக்கு விரித்து இடுக்குகளை அடைத்தார். அடுத்த முறை வெயிலில் வைத்த நேரம் பார்த்து மேகம் மூடியது. பசை எங்குமே இறுகவில்லை, தண்ணீர் ஊற்றியதும் எழுத்தும் நிலமும் ஒன்றாகக் கரைந்து ஓடிவிட்டன. பிறகு ஒருநாள் எல்லாம் சரியாக வந்தது. சாச்சா துள்ளிக்கொண்டு துணியில் அடித்து எடுத்தார். கடற்காற்றில் வந்த மணல் பசையில் ஒட்டி, அது உதிர்ந்த இடமெல்லாம் ஊசித் துவாரமாகி, ஆயத்து முழுக்கப் பொன்னிறப் புள்ளிகள் விழுந்திருந்தன.

கொழும்புக்காரருக்குப் பையில் ஒரு புள்ளி கூடினால் குடிமுழுகாது. இது ஆயத்து. சாச்சா அதைப் பள்ளிவாசல் லெவ்வையிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்தார்.

"இஞ்ச ஒரு புள்ளி கூடக் கிடக்கு தம்பி. இஞ்சயும். எழுத்தே மாறிப்போச்சி. இத வாசல்ல கொழுவ ஏலா" என்றார். பிறகு, சட்டம் கழுவுகிற தண்ணீரை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். வாசலில் ஓடவிடுகிறோம் என்று சாச்சா சொன்னதும் லெவ்வையின் முகம் மாறிவிட்டது. "ஆயத்துக் கரைஞ்ச தண்ணியெல்லோ. கால் படுற இடத்துல ஊத்தலாமா? சட்டிக்குள்ள ஏந்தி, மரத்தடியில ஊத்துங்க."

அன்றிலிருந்து அகன்ற தாச்சிச் சட்டிக்குள் சட்டத்தை நிறுத்திக் கழுவி, அந்தத் தண்ணீரை மாதுளை மரத்தடியில் ஊற்றுவது எங்கள் வீட்டு ஒழுங்காயிற்று. அதற்குச் சாச்சிதான் பொறுப்பு. ஒரு சொட்டும் சிந்தாமல் இடுப்பில் அணைத்துக்கொண்டு போவாள். சில கிழமைகளில் மாதுளை இலை உதிர்த்தது. பூவைப் பார்த்துவிட்டுப் போன அடுத்த வளவுக்காரியின் கண்ணூறு என்று உம்மா முடிவுகட்டினாள்.

சாச்சாவின் விரல் நுனிகளிலும் புண் வைத்திருந்தது. கேட்டால் சுண்ணாம்பு பட்டது என்பார். போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை அரைஞாணில் கட்டிக்கொண்டு திரிந்தார். வெளிச்சம் பட்டால் பழுதாகிவிடும், ஒருவரும் தொடக்கூடாது என்று மட்டும்தான் எங்களிடம் சொன்னார். நஞ்சு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் நஞ்சா என்று உம்மா போத்தலோடு அவரையும் சேர்த்து வீதியில் எறிந்திருப்பாள். அந்தப் பயத்தில்தான் சொல்லாமல் விட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். பூட்டிவிட்டால் போதும் என்று மனிதர் உண்மையாகவே நம்பினார்.

பீங்கான் எழுதுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு லெவ்வை வெள்ளைப் பீங்கானில் ஆயத்து எழுதிக் கொடுப்பார். குங்குமப்பூவைப் பன்னீரில் கரைத்து, மெல்லிய குச்சியால் எழுதுவார். காய்ந்ததும் அதில் தண்ணீர் விட்டால் மஞ்சள் எழுத்துகள் மெல்லக் கரைந்து கலங்கும். பிஸ்மி சொல்லிக் குடிக்கவேண்டும். சாச்சி வெள்ளிக்கிழமை தவறாமல் குடித்துவந்தாள். அப்போது சின்னப்பிள்ளையான நான் எழுத்துகள் கரைவதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பேன். கடைசி எழுத்துப் போகும்வரை அவள் குடிக்கமாட்டாள்.

மாரி தொடங்கியதும் லெவ்வை மாவடிப்பள்ளியில் இருந்த மகள் வீட்டுக்குப் போனார். வெள்ளம் வீதியை மூடிக்கொண்டது, அவர் திரும்பவில்லை. ஒரு வெள்ளி போயிற்று, அடுத்த வெள்ளியும் போயிற்று. சாச்சிக்கு அப்போது ஏழு மாதம். முன்னைய பிள்ளை போனதும் அந்த மாதத்தில்தான். அவள் இருந்த இடத்தில் இருக்கமாட்டாமல் வாசலுக்கும் குசினிக்கும் நடந்துகொண்டேயிருந்தாள்.

மழை விட்டுவிட்டுப் பெய்த அந்தப் பகல்களிலும் சாச்சா விடவில்லை. கொஞ்சம் வெயில் கண்டால் சட்டத்தோடு ஓடுவார். அந்த நோஞ்சான் வெயிலில் பசை எப்படி இறுகும்? கழுவக் கழுவ எல்லாம் கரைந்து தாச்சியில் தண்ணீர் நல்ல செம்மஞ்சளாகத் தேங்கும். அவர் தலையிலடித்துக்கொண்டு அடுத்த சட்டத்துக்குத் துணி இழுக்கப் போய்விடுவார். தாச்சியும் சாச்சியும் நானும் கிணற்றடியில் மிஞ்சுவோம்.

ஒருநாள் சாச்சி தாச்சியைத் தூக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் லெவ்வை எழுதுகிற வெள்ளைப் பீங்கானை எடுத்துவந்து, தாச்சியில் இருந்து மெதுவாக மொண்டாள். குங்குமப்பூத் தண்ணீருக்கும் அதற்கும் நிறத்தில் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. பிஸ்மி சொல்லிக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குதா சாச்சி?"

"துவர்க்குது." வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "லெவ்வை எழுதுற பீங்கான்ல ரெண்டு வரிதான் புள்ள. இதுல முழு ஆயத்தும் கரைஞ்சிரிக்கி. அதுவும் உன்ட சாச்சா ஒழுவெடுத்து, கையால எழுதினது."

எனக்கும் கொஞ்சம் தாருங்கள் என்றேன். இது வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு உரியது, உனக்கெதற்கு என்று தரவில்லை. சாச்சாவிடம் சொல்லாதே, பகிடி பண்ணுவார் என்றாள். அதைச் சொல்லும்போது புது மணப்பெண்போல வெட்கப்பட்டாள். புருஷன் எழுதிய எழுத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம் என்ற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. பிறகு சட்டம் கழுவிய நாளெல்லாம் குடித்தாள். ஒருநாள் கைகால் முகம் கழுவும் ஒழுவை எடுக்காமலே குடித்துவிட்டாள். அது பாவமில்லையா என்று நான் கேட்டேன். அல்லாஹ் மன்னிப்பான், குனிந்து நிமிர ஏலாமல் கிடக்கிறது என்றாள்.

கொஞ்ச நாளில் சாச்சிக்கு வாந்தி கண்டது. வாயெல்லாம் புண். கண் இமைகளும் பாதங்களும் வீங்கின. மருத்துவிச்சி வந்து பார்த்து, நீர் ஏறியிருக்கிறது, வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு உள்ளதுதான், பார்லிக் கஞ்சி கொடுங்கள் என்றாள். சுகமில்லாத ஆள் சும்மா இருப்பாளா? சுகம் வரட்டும் என்று முன்னையைவிடக் கூடுதலாக அந்தத் தண்ணீரைக் குடித்தாள். நான்தான் பீங்கானைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். அதை இப்போது எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

பிறகு சிறுநீர் போவது நின்றுவிட்டது. பிள்ளை துடிக்கவில்லை என்று ஒரு விடியலில் சொன்னாள். சாச்சா கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பிள்ளை செத்துத்தான் பிறந்தது. ஆண்பிள்ளை. வாப்பா வயலில் இருந்து சேறு காய்ந்த காலோடு வந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய அந்தச் சின்னப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மையவாடிக்குப் போனார். சாச்சா பின்னால் போனார். பெரியவர்களின் மையத்தை அடக்க ஊரே போகும். இதற்கு அந்த இரண்டு பேரும்தான்.

அடுத்த நாள் உம்மாவோடு நானும் சாச்சியைப் பார்க்கப் போனேன். உம்மா சுடுதண்ணீர் வாங்க வெளியே போயிருந்த நேரத்தில் டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்தவர். சாச்சியின் வீங்கிய முகத்தையும் வாய்ப் புண்ணையும் பார்த்துவிட்டுச் சாச்சாவைக் கேட்டார்.

"வீட்டில நஞ்சு, மருந்து எண்டு ஏதும் வைச்சிருக்கிறீங்களோ?"

சாச்சா கொஞ்சம் தயங்கினார். "என்ட தொழிலுக்குரிய போத்தல் ஒண்டு இரிக்கி டொக்டர். ஸ்கிரீனுக்குப் பூசுற சாமான். அலுமாரிக்குள்ள பூட்டு. திறப்பு இந்தா, என்ட அரையில. இவவ நான் கிட்டயும் எடுக்கல்ல."

"அது நஞ்செண்டு தெரியுமோ உமக்கு?"

"தெரியும். அதுக்குத்தான் பூட்டி வெச்ச."

"அது கிட்னியைத்தான் பிடிக்கும். தண்ணியில கரைஞ்சு கிடந்தாலும் நஞ்சுதான்." டொக்டர் சாச்சியின் பக்கம் குனிந்தார். "தங்கச்சி, நீங்கள் அப்பிடி ஏதும் குடிச்சனீங்களோ? சொன்னால்தான் நான் மருந்து பார்க்கலாம்."

சாச்சி டொக்டரைப் பார்க்கவில்லை. சாச்சாவைப் பார்த்தாள். அவர் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றார். விரல்களில் அந்தப் புண்கள். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். டொக்டர் இரண்டாந்தரமும் கேட்கவேண்டி வந்தது.

"இல்ல டொக்டர்" என்றாள். "கிணத்துத் தண்ணியும் கஞ்சியும்தான்."

சாச்சா கம்பியை விட்டுவிட்டு நிலத்தில் குந்தினார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

நஞ்சு என்ற சொல் என் காதிலும் விழுந்தது. அதைச் சாச்சியின் வெள்ளைப் பீங்கானோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. நஞ்சு என்றால் வாப்பா வயலுக்கு அடிப்பது. இது ஆயத்து. ஒழு இல்லாமல் குடித்த குற்றத்தை மறைக்கத்தான் சாச்சி பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். பெரிய மனுஷியே பொய் சொல்வது எனக்கு வியப்பாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் உம்மாவிடம் சொன்னேன். சாச்சி சட்டம் கழுவிய தண்ணீரைக் குடித்தாள், டொக்டரிடம் இல்லையென்று சொன்னாள் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். டொக்டர் நஞ்சு என்று சொன்னதைத்தான் சொல்லவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பிருப்பதாக எனக்குப் படவில்லை.

"செல்லாம விட்டது நல்லதாப் போச்சி" என்றாள் உம்மா. "ஓதல் பார்வை எண்டா டொக்டர்மார் ஏசுவாங்க. ஆயத்துத் தண்ணி ஒராளையும் ஒண்டும் செய்யாது. நீ வாய மூடிட்டு வா."

சாச்சி உயிரோடு வீட்டுக்கு வந்தாள். எப்படித் தப்பினாள் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். முகத்தில் அந்த ஊதல் பிறகு ஒருநாளும் முழுதாக வடியவில்லை. சாச்சாவின் தாய் வந்தார். சாச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்து, தங்காத வயிற்றுக்கு எத்தனைமுறை ஆசைப்படுவது, அவனுக்கும் ஒரு பிள்ளை முகம் பார்க்கவேண்டாமா என்று, குரலை உயர்த்தாமல், அன்பாகவே சொன்னார். உம்மாவுக்குக் கண் சிவந்துவிட்டது. சாச்சி மட்டும், "ஓம் மாமி" என்றாள். ஒரு சொல்லாவது திருப்பிச் சொல்லமாட்டாளா என்று எனக்கு இருந்தது.

சாச்சா தொழிலை விட்டுவிட்டார். சட்டங்கள் கோழிக்கூட்டின் மேல் கிடந்தன. சாப்பிட மாட்டார், கதைக்க மாட்டார். மாதுளை மரம் பட்டுப்போய் நிற்பதைப் பார்த்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் இருப்பார். ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு உள்ளே வந்து சாச்சியின் பாயருகே குந்தினார். நான் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். நான் இருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"அல்லாஹ்வுக்காக உண்மையச் செல்லு. அந்தத் தண்ணி உன்ட வாய்க்கு வந்ததா? கைபட்டு, பாத்திரத்துல பட்டு, எப்படியாச்சும்?"

சாச்சி எழுந்து உட்கார்ந்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு தலைச்சீலையை இழுத்துவிட்டாள்.

"உங்களுக்கென்ன விசரா? முன்னப் போன ரெண்டுக்கும் உங்கட போத்தலா இருந்த? என்ட வயிறு தங்காத வயிறு. உங்கட உம்மா செல்றதுதான் சரி."

சாச்சா அழுதார். ஓர் ஆண் அப்படி அழுவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சாச்சி அழவில்லை. அவர் ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெயில் இப்போது நன்றாக எறிக்கிறது, நாளைக்குச் சட்டத்தைத் துடைத்து வையுங்கள் என்றாள். எனக்கு அவள்மேல் வெறுப்பாக இருந்தது. பிள்ளையை அடக்கிய மண் இன்னும் காயவில்லை, இவளுக்குத் தொழிலா பெரிது?

ஆனால் சாச்சா எழுந்தார். மணல் ஒட்டாதிருக்க உம்மாவின் ஈரச் சீலைகளைச் சுற்றிவரக் கட்டி, அதற்குள் சட்டத்தைக் காயவைத்தார். கோடை வெயிலில் பசை நன்றாக இறுகியது. எழுத்துகள் மட்டும் கரைந்தன, ஒரு புள்ளி கூடவில்லை. ஊருக்குத் திரும்பியிருந்த லெவ்வை விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். முதல் துணி எங்கள் வாசலிலேயே ஏறியது. சாச்சா சிரித்தார். சாச்சியும் சிரித்தாள்.

ஒரு மாற்றம் மட்டும் வந்தது. சட்டம் கழுவிய தண்ணீரை மரத்தடியில் ஊற்ற அவள் விடவில்லை, கடலில்தான் கரைக்கவேண்டும் என்றாள். கழுவி முடியும்வரை தாச்சியை விட்டு அசையமாட்டாள். கழுவியதும் எல்லாவற்றையும் மூடி வைத்த வாளியில் ஊற்றி, வீங்கிய காலோடு மூச்சு வாங்க வாங்கக் கடற்கரை மணலில் அவளே தூக்கிக்கொண்டு போவாள். உம்மா கேட்டும் கொடுக்கவில்லை. ஆயத்துத் தண்ணீரைச் சுமந்தால் நன்மை என்று உம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். ஒருநாள் பின்னாலேயே ஓடிப்போய், ஒரு பக்கத்தை நான் பிடிக்கிறேன் சாச்சி என்று வாளியின் காதில் கையை வைத்தேன்.

அவள் என் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். ஒருநாளும் என்னை அடிக்காதவள். "இதத் தொடாத. இது என்ட" என்றாள்.

நன்மை முழுவதையும் தான் ஒருத்தியே வாரிக்கொள்ளப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவளோடு கோபித்து, திரும்பிப் பாராமல் வீட்டுக்கு நடந்தேன்.